உயிர்ம உணவு முத்திரையும் பயனீட்டாளர் தெரிவும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள பேரங்காடி ஒன்றின் காய்கறிப் பகுதியில் ஒரே வகைக் கீரை இரு வேறு விலைகளில் அடுக்கப்பட்டிருப்பதை இன்று காணலாம். நிறத்திலும் வடிவிலும் அவற்றிடையே வேறுபாடு காண்பது அரிது. ஒன்றன் உறையில் சிறு முத்திரை அச்சிடப்பட்டிருக்கும். மற்றதில் அஃது இராது. அம்முத்திரையை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கும் பயனீட்டாளர் உண்மையில் எதனை விலைக்கு வாங்குகிறார் என்பது எளிய வினாவாகத் தோன்றினும் அதற்குரிய விடை எளிதன்று.

இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சிகள் பெரும்பாலும் சந்தை ஆய்வின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்துள்ளன. யார் வாங்குகின்றனர், எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கின்றனர் என்பவற்றை அவ்வாய்வுகள் அளந்து கூறுகின்றன. ஆனால், முத்திரை எவ்வாறு உருவாயிற்று, உருவான போக்கில் எதனை உறுதிசெய்ய ஒப்புக்கொண்டது, எதனைக் கைவிட்டது என்பன வரலாற்று வினாக்கள். உயிர்ம இயக்கத்தின் முன்னோடிகள், மண்ணின் நலம் பயிர் வழியாக மனித உடலின் நலமாக மாறும் என்று நம்பினர். அந்நம்பிக்கையைப் பண்ணைதோறும் சோதித்துச் சான்றளிக்க வழியில்லாமையால், பின்வந்த விதிமுறைகள் சாகுபடி முறையை மட்டுமே சான்றளித்தன. பயனீட்டாளரோ, அம்முத்திரையில் முன்னோடிகளின் பழைய வாக்குறுதியையே இன்றும் படிக்கின்றனர். இவ்விடைவெளி தோன்றிய வரலாற்றையும், உண்பவரின் தெரிவில் அது விளைவிக்கும் பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆர்கானிக் என்று உலகெங்கும் வழங்கும் சொல்லை ‘உயிர்ம’ என்னும் சொல்லால் இக்கட்டுரையில் குறிக்கின்றோம். இச்சொல்லைத் தெரிந்துகொண்டதற்கான காரணம் ஐந்தாம் பகுதியில் விளக்கப்படும்.

1. மண்நலமும் உடல்நலமும்: கருத்தின் தோற்றம்

உயிர்ம வேளாண்மைக் கருத்து ஓரிடத்தில் மட்டும் முளைத்ததன்று. 1924ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அன்று ஜெர்மனியைச் சார்ந்திருந்த கோபர்விட்ஸ் என்னும் ஊரில் ருடால்ஃப் ஸ்டைனர் வேளாண்மை குறித்துத் தொடர்சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றிலிருந்து ‘பயோடைனமிக்’ எனப்படும் வேளாண்முறை உருவாயிற்று. அம்முறையில் விளைந்த பொருள்களுக்கென 1928இல் ‘டிமீட்டர்’ என்னும் வணிகக்குறி பதிவு செய்யப்பட்டது. உணவை அதன் சாகுபடி முறையால் அடையாளப்படுத்திய முதல் முத்திரைகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

மற்றொரு ஊற்று இந்தியாவில் இருந்தது. 1905இல் பீகாரிலுள்ள பூசா ஆய்வு நிலையத்துக்குத் தாவரவியலராக வந்த ஆல்பர்ட் ஹோவர்ட், தம் துணைவியார் கேப்ரியல் ஹோவர்டுடன் இணைந்து பயிராய்வில் ஈடுபட்டார். மேலைநாட்டு முறைகளைக் கற்பிக்க வந்தவர், நாளடைவில் இந்திய உழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கருதத் தொடங்கினார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி மட்கச்செய்யும் முறையை அவர் ஒழுங்குபடுத்தினார். அஃது ‘இந்தூர் முறை’ என்று பெயர்பெற்றது. 1940இல் வெளிவந்த ‘ஒரு வேளாண்மைச் சாசனம்’ என்னும் அவருடைய நூல் பிற்கால உயிர்ம இயக்கத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத செய்தியாகும். நீலகிரியிலுள்ள குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் நடத்திய ஊட்டச்சத்து ஆய்வுகள் உலகப் புகழ்பெற்றவை. அவரும் கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலராக இருந்த பி. விசுவநாத்தும் இணைந்து 1926இல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டனர். தொழுவுரமிட்டு விளைவித்த சிறுதானியமும் கோதுமையும், இரசாயன உரமிட்டு விளைவித்தவற்றினும் கூடுதலான ஊட்டமும் உயிர்ச்சத்தும் உடையன என்பது அவர்களுடைய முடிவு. இங்கிலாந்தில் உயிர்ம வேளாண்மைக்காக வாதிட்டவர்கள் மெக்காரிசனின் ஆய்வுகளைத் தம் கொள்கைக்குரிய சான்றாக எடுத்தாண்டனர்.

அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஈவ் பால்ஃபர் சீமாட்டி ஆவார். மண்வளத்துக்கும் மனித நலத்துக்கும் உள்ள தொடர்பை நேரடியாக மெய்ப்பிக்க விரும்பிய அவர், 1939இல் சஃபோக் வட்டாரத்தின் ஹாவ்லியில் நீண்டகாலப் பண்ணைச் சோதனையைத் தொடங்கினார். 1943இல் ‘உயிருள்ள மண்’ என்னும் நூலை வெளியிட்டார். 1946இல் மண் சங்கம் என்னும் அமைப்பு தோன்ற அவர் முதன்மைக் காரணராக இருந்தார். ஹாவ்லிச் சோதனை பல்லாண்டுகள் நடைபெற்றும் உடல்நலம் பற்றிய ஐயத்துக்கு இடமற்ற முடிவைத் தரவில்லை. ஆயினும், அதனைத் தோற்றுவித்த நம்பிக்கை மறையவில்லை. அமெரிக்காவில் ஜே.ஐ. ரோடேல் 1942இல் தொடங்கிய இதழ், நலமான மண்ணும் நலமான உடலும் ஒன்றே என்னும் கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது.

இம்முன்னோடிகள் அனைவரிடமும் காணப்படும் பொதுக்கூறு ஒன்றுண்டு. அவர்களுக்கு வேளாண்முறை வழி. மனித நலமே இலக்கு. 1940இல் ‘நிலத்தை நோக்கி’ என்னும் நூலில் நார்த்போர்ன் பிரபு ‘உயிர்ம வேளாண்மை’ என்னும் தொடரைக் கையாண்டபோது, பண்ணை முழுவதையும் உறுப்புகள் இசைந்து இயங்கும் ஓர் உயிராக அவர் கருதினார். உண்பவரும் அவ்வுயிர்த் தொடரில் அடங்குவர். இப்பொருள்விரிவு பின்னர் எவ்வாறு சுருங்கியது என்பதை அடுத்துக் காண்போம்.

2. நம்பிக்கையிலிருந்து விதிமுறைக்கு

தொடக்கக் காலத்தில் உயிர்ம உணவுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. விளைவித்தவரும் வாங்கியவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். பண்ணையை நேரில் காண இயன்றது. சான்று அச்சிட்ட தாளில் இல்லாமல் மனிதரின் சொல்லில் இருந்தது.

1962இல் வெளிவந்த ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ பூச்சிக்கொல்லிகளின் கேட்டை உலகறியச் செய்தது. அதன்பின் உயிர்ம உணவை நாடுவோர் தொகை பெருகிற்று. விளைவிப்போருக்கும் உண்போருக்கும் இடையே கடைக்காரரும் மொத்த வணிகரும் நின்றனர். முகமறியாதவர் விற்கும் பொருளை நம்புவதற்கு எழுத்துவடிவ விதிகள் தேவையாயின. மண் சங்கம் 1967இல் தன் முதல் தர விதிகளை வகுத்தது; 1973இல் சான்றளிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் கலிபோர்னிய உயிர்ம விவசாயிகள் தமக்கெனச் சான்றளிப்பு அமைப்பொன்றை நிறுவினர். 1972இல் பிரான்சின் வெர்சாய் நகரில் உயிர்ம வேளாண்மை இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு தோன்றியது.

இங்குதான் பொருட்சுருக்கம் நிகழ்ந்தது. சான்றளிக்க வரும் ஆய்வாளர் எதனைச் சோதிக்க இயலும்? எந்த உரம் வாங்கப்பட்டது என்பதைப் பற்றுச்சீட்டில் காணலாம். நிலத்தில் தடைசெய்யப்பட்ட மருந்து தெளிக்கப்பட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பதிவேட்டில் காணலாம். அவ்வுணவை உண்டவர் நலம் பெற்றாரா என்பதைக் காண எந்தப் பதிவேடும் இல்லை. ஆகவே, சோதிக்க இயன்றவை விதிகளாயின. சோதிக்க இயலாத நலவாக்குறுதி விதிகளுக்கு வெளியே நின்றது. இதனை யாருடைய சூழ்ச்சியாகவும் கொள்ள வேண்டுவதில்லை. சான்றளிப்பு என்னும் செயலின் இயல்பே அத்தகையது.

3. அரசும் முத்திரையும்

1970களிலும் 1980களிலும் அமெரிக்க மாநிலங்கள் சில தத்தம் சட்டங்களை இயற்றின. கலிபோர்னியா 1979இல் இயற்றியது அவற்றுள் ஒன்று. 1989இல் ஆப்பிள் சாகுபடியில் பயன்பட்ட ‘அலார்’ என்னும் இரசாயனம் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியால் மக்கள் அச்சமுற்றனர். உயிர்ம ஆப்பிளுக்குத் தேவை திடீரென உயர்ந்தது. 1990இல் உயிர்ம உணவு உற்பத்திச் சட்டம் நிறைவேறியது. ஆனால், அச்சட்டத்துக்குரிய விதிகள் உருவாக மேலும் பத்தாண்டுகள் ஆயின.

1997 டிசம்பரில் வெளியான முதல் வரைவு, மரபணு மாற்றம், கதிரியக்கமூட்டல், கழிவுநீர்ச் சேற்றை உரமாக இடுதல் ஆகிய மூன்றுக்கும் இடம் தரக்கூடியதாக இருந்தது. அதனை எதிர்த்தும் திருத்தக் கோரியும் 275,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்து குவிந்தன. வேளாண்மைத் துறை பணிந்தது, அம்மூன்றும் விலக்கப்பட்டன. சொல்லின் எல்லையைப் பயனீட்டாளரே வகுத்த அரிய நிகழ்வு இது எனலாம்.

2000 டிசம்பரில் இறுதி விதிகளை வெளியிட்ட வேளாண்மைச் செயலாளர் டேன் கிளிக்மன் அன்று கூறியது நம் ஆய்வுக்கு முதன்மையான சான்றாகும். உயிர்ம முத்திரை ஒரு சந்தைப்படுத்தும் கருவி என்றும், உணவின் பாதுகாப்பையோ ஊட்டத்தையோ தரத்தையோ பற்றிய தீர்ப்பாக அதனைக் கொள்ளலாகாது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். மண் சங்கத்தின் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த நம்பிக்கையை முத்திரை வழங்கும் அரசே ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அது தன் சான்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று மட்டும் அறிவித்தது. 2002 அக்டோபரில் முத்திரை நடைமுறைக்கு வந்தது. நூறு விழுக்காடு உயிர்மப் பொருள், குறைந்தது 95 விழுக்காடு, குறைந்தது 70 விழுக்காடு என மூன்று படிநிலைகள் வகுக்கப்பட்டன. இவற்றுள் முதலிரண்டுக்கு மட்டுமே முத்திரை உரியது. செம்புச் சேர்மங்கள் போன்ற சில பூச்சி, பூஞ்சைக் கட்டுப்பாட்டுப் பொருள்களை இவ்விதிகள் வரையறையுடன் அனுமதிக்கின்றன. ஆதலின், மருந்தே தெளிக்கப்படாத உணவு என்னும் பொதுக்கருத்தும் முத்திரையின் கூற்றன்று.

ஐரோப்பாவில் டென்மார்க் 1987இல் உயிர்ம வேளாண்மைச் சட்டத்தை இயற்றிப் பின்னர்ச் சிவப்பு நிற அரசு முத்திரையையும் அறிமுகப்படுத்தியது. ஒரே முத்திரை, நெடுங்காலப் பழக்கம், அரசின் நேரடிக் கண்காணிப்பு என்பன அங்கு மக்களின் நம்பிக்கையைப் பெற்றன. மொத்த உணவு விற்பனையில் உயிர்ம உணவின் பங்கு உலகிலேயே மிகுந்துள்ள நாடுகளுள் டென்மார்க் இன்று ஒன்றாகும். ஜெர்மனியில் பல அமைப்புகளின் பல முத்திரைகள் வழங்கிவந்தன. மாட்டு மூளைநோய் நெருக்கடியை அடுத்து 2001இல் பொது அரசு முத்திரை அறிமுகமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் பொது விதிகளை வகுத்தது. 2010 முதல் இலை வடிவ முத்திரையைக் கட்டாயமாக்கியது.

அவ்வொன்றியத்தின் விதிகளில் மொழியாசிரியர்கள் கருதத்தக்க கூறு ஒன்றுண்டு. உறுப்பு நாடுகளின் ஒவ்வொரு மொழியிலும் எச்சொல் இப்பொருளைக் குறிக்கும் என்று சட்டமே பட்டியலிட்டது. ஆங்கிலத்துக்கு ‘ஆர்கானிக்’, பிரெஞ்சுக்கு ‘பயோலொஜிக்’, ஸ்பானியத்துக்கு ‘எக்கோலொஹிக்கோ’ என அச்சொற்கள் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்தவை. சட்டம் அவற்றை ஒரே பொருளில் நிலைநிறுத்தியது. சொல்லை வணிகர் விருப்பத்துக்கு விடாமல் காப்பது முத்திரையைக் காப்பதன் பகுதி என்பதை இவ்வேற்பாடு உணர்த்துகிறது.

4. முத்திரையைப் பயனீட்டாளர் படிக்கும் முறை

உயிர்ம உணவை வாங்குவோர் கூறும் காரணங்களைத் தொகுத்து 2007இல் வெளிவந்த மேலாய்வு ஒன்று, உடல்நலமே முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது என்று காட்டியது. சுவை, சுற்றுச்சூழல், பாதுகாப்பு முதலியன அதனோடு சேர்ந்து வருகின்றன. அதாவது, முத்திரை எதனைச் சான்றளிக்கவில்லையோ அதற்காகவே பெரும்பாலோர் அதனை நாடுகின்றனர்.

இவ்வாசிப்பு எத்துணை ஆழமானது என்பதை 2010இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷுல்ட், ஷ்வார்ஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. இனிப்பு பிஸ்கட்டின் கலோரி அளவு மாணவர்க்குத் தெரிவிக்கப்பட்டது. சிலருக்கு அது வழக்கமான பிஸ்கட் என்றும், சிலருக்கு உயிர்மப் பொருள்களால் ஆனது என்றும் கூறப்பட்டது. அளவு ஒன்றேயாயினும், உயிர்ம பிஸ்கட்டைக் கலோரி குறைந்ததாகவும் அடிக்கடி உண்ணத்தக்கதாகவும் பின்னவர் மதிப்பிட்டனர். ஒரு நற்பண்பு பிற பண்புகளின் மீதும் ஒளிவீசுவதாகக் கொள்ளும் மனப்போக்கை எட்வர்ட் தார்ண்டைக் 1920இலேயே ஆராய்ந்து, ‘ஒளிவட்ட விளைவு’ என்று பொருள்படும் பெயரைத் தந்தார். உயிர்ம முத்திரைக்கும் அவ்வொளிவட்டம் உண்டு. 2013இல் வெளியான வேறோர் ஆய்வு, ஒரே தயிரை உயிர்மத் தயிர் என்று கூறித் தந்தபோது சுவையும் ஊட்டமும் மதிப்பும் மாறித் தோன்றியதாகக் கூறியது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான பிரையன் வான்சிங்க் ஆய்வு நெறியை மீறினார் என்று கோர்னெல் பல்கலைக்கழகம் 2018இல் முடிவு செய்தது. ஆகவே, அவ்வாய்வை நம் வாதத்துக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை.

முத்திரையின் விதிகளை அறிந்தா மக்கள் அதனை நம்புகின்றனர்? யான்சன், ஹாம் ஆகிய இருவர் ஆறு ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கூடுதல் விலை கொடுக்கும் விருப்பம் முத்திரைக்கு முத்திரை பெரிதும் வேறுபடுவதைக் கண்டறிந்தது. விதிகளின் கடுமை பற்றிய அறிவைவிட, நன்கறிந்த முத்திரை என்னும் உணர்வே அவ்விருப்பத்தை வழிநடத்தியது.

இனி, நலவாக்குறுதியின் அறிவியல் நிலை யாது? 2012இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வர்கள் வெளியிட்ட மேலாய்வு, உயிர்ம உணவு ஊட்டத்தில் தெளிவாக மேம்பட்டது என்பதற்கு வலுவான சான்றில்லை என்றும், பூச்சிக்கொல்லி எச்சம் காணப்படும் வாய்ப்பு அதில் குறைவு என்றும் கூறியது. 2014இல் 343 ஆய்வுகளைத் தொகுத்த மற்றொரு மேலாய்வு, உயிர்மப் பயிர்களில் உயிர்வளியேற்ற எதிர்ப்பொருள்கள் மிகுதியாகவும் காட்மியம் குறைவாகவும் உள்ளன என்றது. புற்றுநோயைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 600,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு மொத்த நோய்நிகழ்வில் குறைவைக் காணவில்லை. பிரான்சில் 68,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வோ குறைவைக் கண்டது. மெக்காரிசனும் பால்ஃபரும் எழுப்பிய வினா இன்னும் முற்றாகத் தீரவில்லை என்றே கூற வேண்டும். தீராத வினாவைத் தீர்ந்ததாகக் காட்டும் ஆற்றல் முத்திரைக்கு இருப்பதே சிக்கல்.

முத்திரை தவறாகப் பயன்படும்போது இச்சிக்கல் மேலும் வெளிப்படுகிறது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சாதாரணத் தானியத்தை உயிர்மத் தானியம் என்று பல ஆண்டுகள் விற்ற மோசடியில் ஈடுபட்டோர் 2019இல் தண்டிக்கப்பட்டனர். அவ்விற்பனை 140 மில்லியன் டாலரைத் தாண்டியது. தானியத்தை உண்ட கால்நடையோ, அக்கால்நடையின் இறைச்சியை உண்ட மனிதரோ வேறுபாட்டை உணரவில்லை. பதிவேடுகளே இறுதியில் உண்மையைக் காட்டின. இதனை அடுத்து வகுக்கப்பட்ட கடுமையான கண்காணிப்பு விதிகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன.

5. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர்: முத்திரையும் மொழியும்

ஹோவர்ட் கற்றுச்சென்ற நாட்டுக்கு அக்கல்வி முத்திரையாகத் திரும்பி வந்தது. இந்தியாவின் தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டம் 2001இல் வணிக அமைச்சின் கீழ்த் தொடங்கப்பெற்றது. ஏற்றுமதியே அதன் முதல் நோக்கமாக இருந்தது. இந்திய மண்ணில் விளைந்ததை அயல்நாட்டார் நம்புவதற்காகவே அம்முத்திரை தோன்றியது எனலாம். தலைமுறை தலைமுறையாக இரசாயனம் இடாத சிற்றுழவர் பலர் சான்றளிப்புக் கட்டணத்தைத் தாங்க இயலாமையால் முத்திரையின்றி நின்றனர். உழவர் குழுக்களே ஒருவர்க்கொருவர் சான்றளிக்கும் பங்கேற்பு முறை 2011இல் இந்திய அரசால் ஏற்கப்பட்டது இக்குறையைத் தீர்ப்பதற்கேயாகும். உள்நாட்டுச் சந்தைக்குரிய பொது முத்திரையான ‘ஜைவிக் பாரத்’ 2017இல்தான் வந்தது.

மலேசியாவில் 2001இல் எம்.எஸ். 1529 என்னும் தரநிலை வகுக்கப்பட்டது. வேளாண்மைத் துறையின் ‘ஸ்கிம் ஒர்கானிக் மலேசியா’ 2003இல் தொடங்கிப் பின்னர் ‘மைஒர்கானிக்’ என்று பெயர் மாறியது. இதற்கு முன்னரே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிஸ் (1926–2019) தலைமையில், இரசாயனம் சாராத வேளாண்மைக்காகக் குரல் கொடுத்து வந்தது. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட விதியின்படி, தரநிலைக்கு உட்படாத உணவின் விவரச்சீட்டில் ‘ஆர்கானிக்’ என்னும் சொல்லோ அதே பொருள் தரும் பிற சொற்களோ இடம்பெறலாகாது. சிங்கப்பூரில் 2017இல் உயிர்ம வேளாண் விளைபொருளுக்கெனத் தனித் தரநிலை வெளியிடப்பட்டது.

‘அதே பொருள் தரும் பிற சொற்கள்’ என்னும் தொடரில் தமிழ் ஆசிரியர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தமிழில் அச்சொல் எது? நம் வழக்கில் குறைந்தது ஐந்து சொற்கள் உள்ளன. மக்கள் நாவில் மிகுதியாக வழங்குவது ‘இயற்கை’. ‘கரிம’ என்பது கரிம வேதியியல் வழியாக வந்தது. இலங்கைத் தமிழர் ‘சேதன’ என்பர். 2021இல் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து சில மாதங்களில் திரும்பப் பெற்றபோது ‘சேதனப் பசளை’ என்னும் தொடர் செய்திகளில் நிறைந்திருந்தது. தமிழ்நாட்டு அரசின் சான்றளிப்புத் துறை ‘அங்கக’ என்னும் சொல்லை ஆண்டது. 2023இல் வெளியான கொள்கை ‘உயிர்ம வேளாண்மை’ என்னும் தொடரை ஏற்றது.

இவற்றுள் ‘கரிம’, ‘சேதன’ ஆகிய இரண்டும் வேதியியல் பொருளை முன்னிறுத்துகின்றன. ‘அங்கக’ என்பது உறுப்புகள் இசைந்த முழுமை என்னும் நார்த்போர்னின் பொருளுக்கு மிக அணுக்கமானது. ஆயின் பொதுமக்களுக்கு எளிதில் விளங்காதது. ‘உயிர்ம’ அப்பொருளைத் தமிழ் வேரால் உணர்த்துகிறது. ‘இயற்கை’ என்னும் சொல்லோ வேறு வகைச் சிக்கலை உண்டாக்குகிறது. கோ. நம்மாழ்வார் (1938–2013) போன்றோரின் உழைப்பால் அச்சொல் தமிழகத்தில் ஓர் இயக்கத்தின் பெயராகவே ஓங்கியது. அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஜப்பானியரான மசனொபு ஃபுகுவோகாவின் உழாத வேளாண்முறையையும் அச்சொல்லே குறிக்கிறது. இந்திய நடுவண் அரசு 2024 நவம்பரில் இயற்கை வேளாண்மைக்கெனத் தனி இயக்கத்தை ஏற்றபின் இரண்டும் அரசு நடைமுறையிலும் வெவ்வேறாயின. அன்றியும், ‘இயற்கையான’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை உணவுறைகளில் இடுவதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் முறையான வரையறை விதி எதனையும் இயற்றவில்லை. சான்றுபெற்ற பொருளையும் சான்றெதுவும் தேவைப்படாத விளம்பரத்தையும் தமிழில் ஒரே சொல்லால் குறிப்போமாயின், படிப்பவர் அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்?

மலேசியாவில் விவரச்சீட்டின் முதன்மை மொழி மலாய் அல்லது ஆங்கிலம், சிங்கப்பூரில் ஆங்கிலம். தமிழ் இருந்தால் அது கூடுதலாக அமைவதே. எனவே, தமிழ்ப் பயனீட்டாளர் ஒரு மொழியில் முத்திரையைக் கண்டு, மற்றொரு மொழியில் அதன் பொருளை உணர்கிறார். ‘ஒர்கானிக்’ என்று படித்து ‘இயற்கை’ என்று உணரும்போதே ஒளிவட்டம் விரியத் தொடங்கிவிடுகிறது. ‘இயற்கை’ என்னும் சொல்லில் தூய்மை, பழைமை, நஞ்சின்மை ஆகிய பொருட்சாயல்கள் யாவும் உறைந்துள்ளன. அவற்றுள் ஒன்றையேனும் எம்.எஸ். 1529 சான்றளிக்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், உயிர்ம முத்திரையின் வரலாறு பொருள் சுருங்கிய வரலாறு என்பதும், பயனீட்டாளரின் வாசிப்பு அச்சுருக்கத்தை ஏற்காமல் பழைய விரிந்த பொருளையே பற்றி நிற்கிறது என்பதும் புலனாகின்றன. உலக உயிர்ம உணவுச் சந்தை 2022இல் ஏறத்தாழ 135 பில்லியன் யூரோவை எட்டியதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இப்பெருஞ்சந்தை இவ்விடைவெளியின் மீதும் ஓரளவு எழுந்து நிற்கிறது என்று கூறுவது மிகையாகாது.

இதனால் முத்திரை பயனற்றது என்று நாம் முடிவு செய்யவில்லை. மண்ணைக் காக்கவும், வயலில் மருந்து தெளிக்கும் தொழிலாளரை நஞ்சிலிருந்து காக்கவும், எச்சம் குறைந்த உணவைப் பெறவும் விரும்புவோர்க்கு அது மெய்யான வழிகாட்டி. அது கூறுவதைக் கூறுவதாகவும், கூறாததைக் கூறாததாகவும் படிக்கப் பழகவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இப்பழக்கமின்மையால் மிகுதியாக இழப்போர் குறைந்த வருவாயினர். சிகாகோ நகரில் குறைந்த வருவாயுடைய பயனீட்டாளரிடையே நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பூச்சிக்கொல்லி எச்சம் மிக்கவை என்று சில பழங்களும் காய்கறிகளும் பெயர்சுட்டிக் கூறப்பட்டபோது, எவ்வகைப் பழத்தையும் காயையும் வாங்கும் விருப்பமே குறைவதாகச் சிலர் தெரிவித்தனர். விளைவிப்போர் சார்ந்த அமைப்பின் நிதியுதவி பெற்ற ஆய்வாதலின் அதனை எச்சரிக்கையுடனே ஏற்க வேண்டும். ஆயினும், முத்திரையுள்ள கீரையை வாங்க இயலாத தாய் முத்திரையில்லாக் கீரையையும் அஞ்சித் தவிர்ப்பாராயின், அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பு எவ்வகையிலும் ஈடுசெய்யத்தக்கதன்று.

இத்துறையில் தமிழாசிரியர்க்கு இரு பணிகள் உள. ஒன்று, உணவுறையையும் ஒரு பனுவலாகக் கொண்டு வகுப்பறையில் படிப்பித்தல். யார் சான்றளித்தார், எதனைச் சான்றளித்தார், எதனைப் பற்றி வாய்திறக்கவில்லை என்னும் மூன்று வினாக்களை எழுப்பும் மாணவர், செய்தித்தாளையும் விளம்பரத்தையும் அவ்வாறே படிப்பர். மற்றொன்று, சொல்லை வரையறுத்தல். ‘உயிர்ம’ என்பதைச் சான்றுபெற்ற உணவுக்கும், ‘இயற்கை’ என்பதை அதன் பரந்த பொருளுக்கும் உரியதாக வைத்து, பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் சீராக ஆளலாம். ஐரோப்பிய மொழிகளுக்குச் சட்டம் செய்ததைத் தமிழுக்குக் கல்வியாளரே செய்துகொள்ள வேண்டிய நிலையில் நாம் இருக்கின்றோம். மலேசிய, சிங்கப்பூர்ப் பாடத்திட்டங்களில் உடல்நலம், பயனீட்டாளர் கல்வி ஆகிய கருப்பொருள்கள் இடம்பெறும்போது இப்பணியைத் தொடங்குவதற்கு வாய்ப்பு மிகுதியும் உண்டு.